வெள்ளி ஏட்டில் ஒரு வரி

தான் செத்துப்போன விஷயம் லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு ஐம்பதுக்குத்தான் தெரிய வந்தது. அதற்குள் அவன் செத்துப் பதினோரு வாரம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த சேதி. சம்பந்தப்பட்டவனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அன்று காலை பத்தரை மணிக்கு மனைவி போன் செய்தாள். அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். வேலை நேரத்தில் போன் செய்யும் வழக்கமே கிடையாது.

"ஏங்க, இன்னைக்கு பாப்பா ஸ்கூல்ல என் முறை. இங்க கூட வேலை பாக்கறவ லீவு போட்டுட்டா. வரிசை வாசல் வரைக்கும் நிக்குது, என்னால நகர முடியாது. நீங்க போங்க."

"இன்னைக்கா? இன்னைக்கு எனக்கு..."

"தெரியும். யாராவது எங்கயாவது மாட்டிக்கிட்டு இருப்பாங்க. மூணுலேர்ந்து நாலு மணி வரைக்கும், ஒரே ஒரு மணி நேரம். தவறாம போயிடுங்க."

அந்தப் பள்ளிக்கூடத்தில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. திங்கள் காலை எல்லோரும் மைதானத்தில் கூடுவார்கள். செவ்வாய் டிக்டேஷன். புதன் நூலகப் பை. வியாழன் நகம் பார்க்கும் நாள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பெற்றோர் நேரம். வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். ஒரு வெள்ளிக்கு நாலைந்து வீட்டார் என்று முறை வைத்து வருவார்கள். வந்தவர்கள் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தங்களுக்குத் தெரிந்த எதையாவது சொல்லித்தர வேண்டும். தையற்காரம்மா பொத்தான் தைக்கச் சொல்லிக்கொடுத்தார். தபால்காரர் கடிதங்களைப் பிரிக்கும் விதத்தைக் காட்டினார். ஒன்றும் தெரியாதவர்கள் கதை படித்தார்கள். எதுவும் செய்யாமல் தன் பிள்ளை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால்கூடப் போதும், அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத் தலைகால் புரியாது.

இந்த மனுஷன் மட்டும் அங்கே ஒரு தடவைகூடத் தலை காட்டியதில்லை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. சம்பளத்தைக் கொண்டுவந்து வீட்டில் கொடுப்பான், மகளின் பென்சில் பெட்டிக் கீல் கழன்றால் அரை மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்வான். ஆனால் ஊரில் எந்த லிஃப்ட் நின்றாலும் முதலில் கையைத் தூக்குகிறவன் இவன். "நான் போறேன்" என்பது அவன் வாயில் தானாக வரும். ஆபீசில் அவனுக்கு நல்ல பேர். நல்ல பேரை வெளியே வாங்கிக்கொண்டு வீட்டில் விழிக்கிற ஆண்கள் வரிசையில் இவனுக்கும் ஓர் இடம் உண்டு.

பள்ளி திறந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை அவன் முறை. கிளம்பவும் கிளம்பினான். போகிற வழியில் ஒரு கட்டடத்தில் ஒரு நிமிஷ வேலை என்று நுழைந்து, சோதனை ஓட்டத்தில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே அவனே மாட்டிக்கொண்டான். வெளியே வந்தபோது மணி நாலரை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த முறைச் சீட்டுகளில் 'தாய்' என்று மட்டுமே இருந்தது. "உங்கள நம்பி பிரயோஜனம் இல்லன்னு ஸ்கூலுக்கே தெரிஞ்சுபோச்சு" என்றாள் மனைவி. அவனுக்கு உள்ளூர நிம்மதி.

இரண்டு மாதம் முன்பு மகள் ஒரு நாள் கேட்டாள். "நீ வெள்ளிக்கிழமை ஸ்கூல் பக்கம் வர்ற மாதிரி இருக்காப்பா?"

"இப்போதைக்கு இல்லடா கண்ணு. வேலை கழுத்தை நெரிக்குது."

"பரவால்லப்பா. மெதுவா வா." சொல்லிவிட்டுச் சந்தோஷமாகத்தான் விளையாட ஓடினாள். எட்டு வயதில் இவ்வளவு புரிந்த பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று ஆபீசில் நாலு பேரிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டான்.

மனைவி போனை வைத்ததும், ஏனோ அன்றைக்கு அவனுக்கு உறுத்தியது. ஒரு மணி நேரம். போய் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்? இந்த ஒரு தடவையாவது மூன்று மணிக்கு உள்ளே நுழைந்து நாலு மணி வரை இருந்துவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டான். கையிலிருந்த கிரீஸைச் சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்தான். பிள்ளைகளுக்குக் காட்ட, பட்டறை மூலையில் கிடந்த பழைய லிஃப்ட் பட்டன் பலகையைத் துடைத்து, பேட்டரி பொருத்தி, ஒரு பையில் போட்டுக்கொண்டான். எந்த எண்ணை அழுத்தினாலும் சிவப்பு விளக்கு எரியும், 'டிங்' என்று சத்தம் வரும். மகள் முகம் போகிற போக்கைக் கற்பனை செய்துகொண்டே பள்ளி வாசலுக்கு வந்தான்.

அலுவலக அறையில் கிளார்க்கம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவனைப் பார்த்தார். மகள் பெயரையும் வகுப்பையும் சொன்னான்.

"அட, மணியக்காவா!" கிளார்க்கம்மா முகம் மலர்ந்தது. "சின்னப் பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான் கூப்பிடுதுங்க. வெள்ளிக்கிழமை மணியடிக்கறது அவதானே. நீங்க அவளுக்கு என்ன வேணும்? மாமாவா?"

மகள் மணியடிக்கிறாள் என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. "அப்பாங்க" என்றான்.

"யாரோட அப்பா?"

"அவளோட அப்பா."

கிளார்க்கம்மாவின் பேனா வருகைப் பதிவேட்டின் மேல் அப்படியே நின்றது. பிறகு ஏதோ புரிந்தவர் மாதிரி தலையை ஆட்டி, குரலை இறக்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நல்ல காரியம்தான். சின்ன வயசுப் பொண்ணு, எத்தன நாள் தனியா கஷ்டப்படும்? எப்போ ஆச்சு?"

"என்னது எப்போ ஆச்சு?"

"கல்யாணம்."

"பத்து வருஷம் ஆச்சுங்க."

கிளார்க்கம்மா அவனைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். திரும்ப அவனைப் பார்த்தார். பதிவேட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

தந்தை என்ற கட்டத்தில் அவன் பெயர் இருந்தது. பெயருக்கு முன்னால், இடம் போதாமல் நெருக்கி, சிவப்பு மையில் 'காலஞ்சென்ற' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் அவன் போன் நம்பரை ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்தார்கள்.

தூக்கிவாரிப் போட்டது அவனுக்கு. அந்த நேரத்தில் மனுஷ மூளை எவ்வளவு அற்பமாக வேலை செய்யும் பாருங்கள்: நம்பர் சரிதானா என்றுதான் முதலில் சரிபார்த்தான். பத்து இலக்கமும் சரி.

"இது என் நம்பர்தான்" என்றான்.

கிளார்க்கம்மா மேஜைமேல் இருந்த போனை எடுத்து, அடித்துப் போட்ட நம்பரை ஒவ்வோர் எண்ணாக அழுத்தினார். அவன் சட்டைப் பையில் போன் ஒலித்தது. இருவரும் அதை எடுக்காமல், அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"ஐயையோ" என்றார் கிளார்க்கம்மா.

வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பழைய டீச்சர் பள்ளி திறந்த நாலாவது வாரமே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இவர் புது டீச்சர், சின்ன வயது. வெள்ளிக்கிழமைப் பரபரப்பில் கையில் கத்தரிக்கோலோடு வந்தார். கிளார்க்கம்மா விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் ஈயாடவில்லை. கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க... லிஃப்ட்ல..."

"ஆமா டீச்சர், லிஃப்ட்லதான் வேலை."

"இல்ல, லிஃப்ட்லதானே நீங்க..." டீச்சர் ஓடிப்போய் வகுப்பிலிருந்து நீள அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்துவந்தார். அதுதான் வெள்ளி ஏடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். வீட்டார் முறை முடிந்ததும் பிள்ளையே தன் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். அம்மா வந்தார், அப்பா வந்தார், மாமா வந்தார். பக்கம் பக்கமாக வந்தார், வந்தார், வந்தார். டீச்சர் ஒரு பக்கத்தை விரித்து விரலை வைத்தார். மகளின் கையெழுத்து. குண்டு குண்டாக, கோட்டை விட்டு இறங்காமல் எழுதியிருந்தாள்.

'அப்பா தவறிவிட்டார்.'

"பதினோரு வாரம் முன்னாடி, நான் வேலைல சேர்ந்த மொத நாளு இதப் படிச்சேன் சார்" என்றார் புது டீச்சர். "அவளத் தனியா கூப்பிட்டு, அப்பா தவறிட்டாராம்மான்னு கேட்டேன். ஆமா டீச்சர்னா. எப்போன்னு கேட்டேன். ஸ்கூல் தொறந்த ரெண்டாவது வாரம்னா. எப்படிம்மான்னு கேட்டேன். லிஃப்ட்ல டீச்சர், லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சுன்னு சொன்னா. அவ அழக்கூட இல்ல. பச்சப் பிள்ளை, அதிர்ச்சில இருக்குன்னு நான்தான் கட்டிப்பிடிச்சு அழுதேன்."

கிளார்க்கம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "டீச்சர், அது ரிட்டயர் ஆன பெரிய டீச்சர் வெச்ச சட்டம்! 'வரவில்லை'ன்னு எழுதவே விட மாட்டாங்க. இல்லைங்கிற வார்த்தைய பிள்ளைங்க கையால எழுத வெக்கக் கூடாதாம். மொதல்ல 'முறை தவறினார்'னு எழுதச் சொன்னாங்க. அத போன வருஷம் ஒரு அப்பா பாத்துட்டு, நான் என்ன முறை தவறிட்டேன்னு சண்டைக்கு வந்துட்டாரு. அதனால முறைய எடுத்துட்டு வெறும் 'தவறிவிட்டார்'னு மட்டும் வெச்சாங்க."

"மத்த பக்கத்துல ஒண்ணுலகூட அந்த வார்த்தை இல்லையே!" என்றார் புது டீச்சர்.

"இந்த வருஷம் மத்தவங்க யாரும் வராம இருக்கலையே" என்றார் கிளார்க்கம்மா. சொன்ன பிறகுதான் எதிரே நிற்பவன் யாரென்று ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இருபத்தொரு பக்கம் வந்தார். ஒரு பக்கம் தவறிவிட்டார். அவன் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. கடைசியில் கோபம்தான் வந்தது. கோபம் எங்கேயாவது போயாக வேண்டுமே.

"சரி டீச்சர், பிள்ளை ஏதோ சொல்லிடுச்சு. என் வீட்டுக்காரி ரெண்டு தடவ வந்திருக்காளே. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே!"

"கேட்டேன் சார்."

"கேட்டீங்களா?"

புது டீச்சர் தயங்கினார். "நேரா கேக்க மனசு வரல. வீட்ல எப்படிங்க சமாளிக்கறீங்கன்னு கேட்டேன். 'பழகிப்போச்சு டீச்சர், எல்லாம் நான்தான்'னாங்க. பிள்ளை அப்பாவத் தேடறாளான்னு கேட்டேன். 'ஆரம்பத்துல தேடினா, இப்பல்லாம் கேக்கறதில்ல'ன்னாங்க. நீங்க ரொம்ப தைரியசாலின்னு சொன்னேன். சிரிச்சாங்க. வேற என்ன சார் நான் கேக்கறது?"

அவனுக்குக் காது அடைத்தது. பதிவேட்டில் சிவப்பு மையைப் பார்த்தபோதுகூட இப்படி ஆகவில்லை. மனைவி சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. உயிரோடு இருக்கும் புருஷனைப் பற்றித்தான் பேசியிருக்கிறாள், ஒவ்வொரு பதிலும் செத்தவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியிருக்கிறது. பதினோரு வாரம். அவன் செத்துவிட்டான் என்பதற்கு எதிராக ஒரு சாட்சிகூடக் கிடைக்கவில்லை. ஒரு நாள் வாசலில் வந்து நின்றிருந்தால், ஒரே ஒரு போன் செய்து 'பாப்பா எப்படிப் படிக்கிறா' என்று கேட்டிருந்தால், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அதற்குள் அறை வாசலில் ஒரு பருத்த மனிதர் வந்து நின்றார். வகுப்பில் இன்னொரு பெண் பிள்ளையின் அப்பா, ரொட்டிக்கடைக்காரர். கையில் காகிதத்தில் சுற்றிய பன், சட்டையில் அங்கங்கே மாவு.

"டீச்சர், மூணாகப் போகுதே. மணியக்காவோட அம்மா வந்துட்டாங்களா, இல்ல இன்னைக்கும் நான்தான் பக்கத்துல உக்காரணுமா?"

கிளார்க்கம்மா மெக்கானிக்கை நோக்கிக் கையை நீட்டி, "இவருதான் அவ அப்பா" என்றார். "உயிரோடதான் இருக்காரு."

ரொட்டிக்கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். விஷயம் மண்டையில் ஏறக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஏறியதும் முகம் சிவந்தது.

"யோவ்! உனக்காக நான் வாராவாரம் கடைய ஒரு மணி நேரம் சாத்திட்டு வந்து அந்தக் குட்டி நாற்காலில உக்காந்துட்டு இருக்கேன்யா! எம்பொண்ணு பக்கத்துலகூட உக்காரல. அப்பா இல்லாத பிள்ளையாச்சேன்னு உம்பொண்ணு பக்கத்துலதான் உக்காந்தேன். முட்டி ரெண்டும் போச்சு!"

"எனக்குத் தெரியாதுங்க."

"உம்பொண்ணு பக்கத்துல பதினோரு வாரம் யாரு உக்காந்தாங்கன்னு உனக்குத் தெரியாது. அதத்தான்யா நானும் சொல்றேன்."

சொல்லிவிட்டு, அவருக்கே என்னவோ போலாகி, பன்னை அவன் கையில் திணித்தார். "இந்தா. அவளுக்கு மேல இருக்கற சர்க்கரைய மொதல்ல நக்கிட்டுத்தான் திங்கப் பிடிக்கும். நீ ஒண்ணும் சொல்லாத."

வகுப்பறைக் கதவு திறந்தே இருந்தது. பிள்ளைகள் காகிதப் பூ ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் முதல் வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தாள். அவனைப் பார்த்ததும் ஓடிவருவாள் என்று அந்த மனுஷன் அப்போதும் நினைத்தான். அவள் ஓடிவரவில்லை. முகம் வெளுத்துப்போய், பசை டப்பாவைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றாள். திருட்டுப் பண்ணும்போது பிடிபட்ட முகம் அது. தகப்பனைப் பார்த்த முகம் இல்லை.

டீச்சர் அவளை வெளியே அனுப்பினார். தாழ்வாரத்தில் பைகள் மாட்டியிருந்த கொக்கிகளுக்குக் கீழே அப்பாவும் பெண்ணும் நின்றார்கள். அவன் மண்டியிட்டு அவள் உயரத்துக்கு வந்தான்.

"பாப்பா, இவங்க எல்லாம் என்னமோ தப்பா புரிஞ்சுக்கிட்டு இருக்காங்கடா. நீ எழுதின வார்த்தைக்கு வேற ஒரு அர்த்தம் இருக்கு. உனக்குத் தெரியாது."

அவள் தரையைப் பார்த்தாள். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"தவறிட்டார்னா செத்துட்டார்னு அர்த்தம். ரொட்டிக்கட மாமா பொண்ணு சொன்னா. டீச்சர் கேட்டு மூணு வாரம் ஆனப்புறம்."

"அப்புறம் ஏம்மா சொல்லல? அப்பா சாகல, வீட்லதான் இருக்காருன்னு டீச்சர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாம்னுதான் டீச்சர்கிட்ட போனேன்."

"போய்?"

"அப்போ ஏன் வரலன்னு கேப்பாங்கல்ல?"

அவள் பசை டப்பாவின் மூடியைத் திருகித் திறந்து திரும்ப மூடினாள்.

"முன்னாடி எல்லாரும் கேப்பாங்கப்பா. உங்கப்பா ஏன் வரல, எப்போ வருவாரு, உங்கப்பாவுக்கு உன்ன பிடிக்காதான்னு கேப்பாங்க. செத்துட்டா யாரும் ஏன் வரலன்னு கேக்க மாட்டாங்க. மணிகூட குடுத்தாங்க."

பள்ளிக்கு வருவாயா என்று இரண்டு மாதம் முன்பு அவள் கேட்டது எதற்கு, இப்போதைக்கு இல்லை என்றதும் அவ்வளவு சந்தோஷமாக ஏன் ஓடினாள் என்பதெல்லாம் அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் வந்துவிடுவானோ என்று பயந்திருக்கிறாள். அப்பன் உயிரோடு இருப்பது வெளியே தெரிந்துவிட்டால் மானம் போய்விடும் என்று எட்டு வயதுப் பிள்ளை கணக்குப் போட்டிருக்கிறாள். புரிந்த பிள்ளை என்று ஊரெல்லாம் பீற்றியவன் தாழ்வாரத்தில் மண்டியிட்டபடி தேம்பினான். கிரீஸ் வாசனை போகாத கையால் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, பசை படாத கையால் அவன் தோளைத் தட்டினாள்.

"உள்ள போலாமா?" என்று கேட்டான் அவன். "நீ வேண்டாம்னா நான் இப்படியே போயிடறேன். நீ சொல்றதுதான்."

அவள் வகுப்பைப் பார்த்தாள். அவன் கைப்பையைப் பார்த்தாள். "அதுல என்ன?"

"லிஃப்ட் பட்டன். அழுத்தினா எரியும்."

"சத்தம் வருமா?"

"வரும்."

"சரி, வா."

வந்திருப்பது யாரென்று ரொட்டிக்கடைக்காரர் முன்னாலேயே உள்ளே போய்ச் சொல்லியிருந்தார். உள்ளே நுழைந்ததும் இருபத்தொரு ஜோடிக் கண்கள் அவன்மேல் குத்தி நின்றன. சுவரோரம் உட்கார்ந்திருந்த பெற்றோர்கள், பேயறைந்த முகத்தோடு டீச்சரைப் பார்த்தார்கள். எப்படிச் சொல்வது என்று டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே, ரொட்டிக்கடைக்காரரின் பெண் கையைத் தூக்கினாள்.

"மாமா, நீங்க செத்துட்டீங்கல்ல?"

"இல்லம்மா. சாகல."

"அப்போ ஏன் வரல?"

கேட்டுவிட்டாள். மகள் அவன் பக்கத்தில் விறைத்து நின்றாள். எந்தக் கேள்விக்குப் பயந்து அவள் அப்பாவைச் சாகக் கொடுத்தாளோ, அதே கேள்வி, அவள் காது கேட்க. லிஃப்ட், வேலை, அவசரம் என்று எட்டு வருஷமாகக் கைவசம் வைத்திருந்த சாக்கு எல்லாம் அவன் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"வந்திருக்கணும்மா. வரல. அவ மேல ஒரு தப்பும் இல்ல. தவறு முழுக்க என்னோடதுதான்."

"ஓ" என்றது அந்தப் பெண். அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு நேரான பதில் கிடைத்தால் போதும், அதை வைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். "பையில என்ன இருக்கு மாமா?"

பட்டன் பலகை வெளியே வந்தது. ஒவ்வொருவராக வந்து அழுத்தினார்கள். எத்தனையாவது மாடி என்று மகள்தான் சத்தமாகச் சொன்னாள். டிங், டிங் என்று வகுப்பு ரெண்டுபட்டது. கதவு சரியாக மூடவில்லையென்றால் லிஃப்ட் ஏன் கிளம்பாது என்று அவன் விளக்கினான். குட்டி நாற்காலியில் முட்டி மடங்கி வலித்தது. அந்த வலியோடு ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்தான். அவர் தன் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, வேறெங்கோ பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று முப்பத்தைந்துக்குச் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவன் கை பைக்குள் போவதற்கு முன்பே, யாரும் சொல்லாமல், மகள் பலகையின் பேட்டரியைக் கழற்றிப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். ஜிப்பைப் பாதி மூடியும்விட்டாள். முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனை உலுக்கியது. இந்தச் சத்தம் கேட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

ஆபீஸ்தான். "ஜவுளிக்கடை லிஃப்ட் மூணாவது மாடில நின்னுபோச்சு. நீ பக்கத்துலதானே இருக்க?"

"உள்ள ஆள் இருக்கா?"

"யாரும் இல்ல. ஆனா கடைக்காரர் குதிக்கறாரு."

"வேற யாரையாவது அனுப்புங்க மேடம்."

"என்னப்பா அதிசயமா இருக்கு? உனக்கு என்ன ஆச்சு?"

"வெள்ளிக்கிழமை மூணுலேர்ந்து நாலு வரைக்கும் நான் தவறிட்டேன்னு எழுதிக்குங்க."

போனை அணைத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். புது டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. ஜிப்பைத் திறக்கலாமா என்று யோசித்தாள். திறந்தாள்.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் வெள்ளி ஏட்டை அவள் முன்னால் வைத்தார். "எழுதும்மா."

அவள் பென்சிலை எடுத்தாள். அப்பா என்று எழுதினாள். நிறுத்தினாள்.

"மணி அடிக்கட்டும் டீச்சர். அப்புறம் எழுதறேன்."

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, மணியடிக்கும் இரும்புக் கம்பியை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மணி மரத்தடியில் தொங்கியது. வகுப்பு ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். ஒவ்வோர் அடிக்கும் அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். அவன் அசையாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முட்டி விண்விண்ணென்று தெறித்தது. எழுந்து காலை நீட்டினால் கிளம்புகிறான் என்று நினைத்துவிடுவாளே என்று பொறுத்துக்கொண்டான்.

மற்ற பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். அவள் உள்ளே வந்து, இரும்புக் கம்பியை அலமாரியில் வைக்காமல் டீச்சர் மேஜைமேல் வைத்தாள். "இது இனிமே வேற யாருக்காவது குடுக்கணும்ல டீச்சர்." டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் ஏட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா என்பதற்குப் பக்கத்தில் வந்தார் என்று எழுதினாள். கோட்டை விட்டு இறங்காமல், குண்டு குண்டாக.

அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பன் காகிதத்தைப் பிரித்து அவளிடம் நீட்டியபடி, குதூகலத்தில் சொன்னான்: "அடுத்த முறை அஞ்சு வாரம் கழிச்சுத்தானே? அதுக்கும் இப்பவே எழுதிடுடா. அப்பா வந்தார்னு."

அவள் ஏட்டை மூடினாள். பன்மேல் இருந்த சர்க்கரையை நாக்கால் ஒரு சுற்று நக்கிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"வந்தப்புறம் எழுதறேன்பா" என்றாள்.